கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் செய்த கிட்டார்

திருவிழாப் பந்தலில் மெல்லிசைக் கச்சேரி நடக்கிறது. பாட்டுக்கு நடுவே ஓர் இளைஞர் முன்னால் வந்து கிட்டார் கம்பிகளைச் சுண்டுகிறார். கருவியோ வெறும் பலகை போல் இருக்கிறது. ஆனால் அதன் நாதம் மைதானத்தின் கடைசியில் நிற்பவருக்கும் கணீரென்று கேட்கிறது.

இந்தப் பலகைக் கிட்டாரை உலகெங்கும் பரப்பியவர், அமெரிக்காவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் படித்தது கணக்கு. பார்த்த உத்தியோகம் கணக்கர் வேலை. அந்த வேலை பறிபோன பிறகு ரேடியோ ரிப்பேர் கடை வைத்துப் பிழைத்தவர் அவர்.

மாமா கொடுத்த பெட்டி

கலிபோர்னியா மாநிலத்தில் அனகைம், புல்லர்ட்டன் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். அங்கே ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில், 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி லியோ பிறந்தார். சிறு வயதிலேயே நோயால் ஒரு கண்ணை இழந்தார். அந்த இடத்தில் கண்ணாடிக் கண் பொருத்தப்பட்டது.

அவருடைய மாமா, மோட்டார் வண்டிகளுக்கு மின்சார வேலை செய்யும் கடை நடத்தி வந்தார். லியோவுக்கு 13, 14 வயது இருக்கும்போது, பழைய ரேடியோ சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு மாமா அனுப்பி வைத்தார். மாமாவின் கடைக்குப் போனபோது, உதிரிச் சாமான்களைக் கொண்டே மாமா செய்திருந்த ரேடியோ உரக்கப் பாடுவதையும் பார்த்தார். அன்று பிடித்த ஆசை அவரைக் கடைசி வரை விடவில்லை.

ஆனாலும் கல்லூரியில் அவர் படித்தது கணக்குப் பதிவுதான். மின்னணுத் தொழிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ அவர் கற்கவில்லை. பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டார்.

வேலை போயிற்று

படிப்பு முடிந்ததும் ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே கணக்கர் ஆனார். 1934-ல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார். பிறகு மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர் உத்தியோகம் கிடைத்தது. சர்க்கார் வேலை, இனி கவலை இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அது அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் ஆட்டிப் படைத்த காலம். அவருடைய பதவியே எடுக்கப்பட்டது. அடுத்து ஒரு டயர் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். சில மாதங்களில் அதுவும் போயிற்று.

வயது 30-ஐ நெருங்கியது. கையில் பணம் இல்லை. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கிக்கொண்டு புல்லர்ட்டனுக்கே திரும்பி, ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். கணக்கு எழுதிய கை, திருப்புளியைப் பிடித்தது.

ரிப்பேர்காரரின் கண்

கடைக்கு ரேடியோ மட்டும் வரவில்லை. ஊரில் கச்சேரி செய்யும் இசைக்காரர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளையும் கிட்டார்களையும் தூக்கிக்கொண்டு வந்தனர். எது அடிக்கடி கெடுகிறது, ஏன் கெடுகிறது, அதைச் சரி செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதெல்லாம் லியோவுக்கு மனப்பாடம் ஆயிற்று.

மின்சாரக் கிட்டார் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. 1930-களிலேயே அது இருந்தது. கிட்டாரின் எஃகுக் கம்பிகளுக்கு அடியில் காந்தம் வைத்து, அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. செம்புச் சுருளில் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அதை ஒலிபெருக்கி பெரிதாக்குகிறது. இந்தச் சுருளுக்குத்தான் பிக்கப் என்று பெயர்.

அக்காலக் கிட்டார்களில் ஒரு தொல்லை இருந்தது. உள்ளே கூடு போல் வெற்றிடம் இருந்ததால், சத்தத்தைக் கூட்டினால் ஒலிபெருக்கியின் ஓசையே கிட்டார் கூட்டை அதிரச் செய்யும். அதிர்வு மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகும். காதைப் பிளக்கும் ஊளைச் சத்தம் கிளம்பும்.

லியோ 1940-களில் டாக் காஃப்மன் என்ற நண்பருடன் சேர்ந்து, ஒரு பிக்கப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் கெட்டி மரத்தில் முரட்டுத்தனமாக ஒரு கிட்டார் செய்தார். உள்ளூர் இசைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கச்சேரிக்கு இரவல் கேட்டு வரத் தொடங்கினர். மக்களுக்கு என்ன வேண்டும் என்பது லியோவுக்குப் புரிந்துவிட்டது.

நான்கு திருகாணிகள்

1946-ல் சொந்தக் கம்பெனியாக ஃபெண்டர் நிறுவனம் உருவாயிற்று. 1950-ல் பலகைக் கிட்டார் சந்தைக்கு வந்தது. அதுவே 1951 முதல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது.

தொடக்கம் சுகமாக இல்லை. முதலில் செய்த கிட்டார்களில், கைப்பிடிக்கும் கழுத்துப் பகுதிக்குள் இரும்புக் கம்பி வைக்கவில்லை. ஆறு கம்பிகளின் இழுப்பில் கழுத்து வளைந்தது. குறை தெரிந்ததும், உள்ளே எஃகுத் தண்டு பொருத்திச் சரி செய்தார்கள்.

அதுவரை கைத்தேர்ச்சி பெற்ற தச்சர்கள் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டி வந்தனர். அது கெட்டால், பிரிப்பதே பெரிய வேலை. லியோவோ நான்கு திருகாணிகளால் முடுக்கிவிட்டார். கழுத்து தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டலாம். சுவிட்சும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளும் ஒரே தகட்டில் இருந்தன. தகட்டைக் கழற்றினால் ஒயர்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வரும்.

அவர் அழகுக்காக இப்படிச் செய்யவில்லை. நாளை இது ரிப்பேருக்கு வரும் என்று தெரிந்தவர் செய்த வேலை அது.

கேட்டுக் கேட்டுச் செய்தார்

வாசிக்கத் தெரியாததால் லியோ வாசிப்பவர்களைக் கேட்டார். டெலிகாஸ்டரின் கூரிய விளிம்பு விலாவில் குத்துகிறது என்று அவர்கள் குறை சொன்னார்கள். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விளிம்புகள், உடம்போடு ஒட்டும்படி செதுக்கப்பட்டிருந்தன. அதில் மூன்று பிக்கப்புகள். ஒரு சுவிட்சைத் தள்ளி மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

வாசித்தவர்கள் அதோடு நிற்கவில்லை. சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தினால் இரண்டு பிக்கப்புகள் ஒன்றாகப் பாடுவதைக் கண்டுபிடித்தனர். சுவிட்ச் நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் செருகியவர்களும் உண்டு. தொழிற்சாலை ஐந்து நிலைச் சுவிட்சைப் பொருத்தியது 1977-ல்தான். பிறகு சிலர் இன்னொரு சிறிய சுவிட்சையும் சேர்த்து, மூன்று பிக்கப்புகளிலிருந்து ஏழு விதமான சேர்க்கைகளைப் பெற்றனர்.

1969-ல் உட்ஸ்டாக் இசை விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற இடக்கைக் கலைஞர், வலக்கைக்காரருக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தது வரலாறாயிற்று.

பெயரையும் விற்றார்

ஆனால் அப்போது அந்தக் கம்பெனி லியோவிடம் இல்லை.

1950-களிலிருந்தே அவரை ஒரு தொற்றுநோய் வாட்டி வந்தது. மருந்துக்குக் கட்டுப்படவில்லை. தாம் நீண்ட நாள் இருக்கப்போவதில்லை என்று எண்ணி, 1965-ல் சி.பி.எஸ். நிறுவனத்திடம் கம்பெனியை விற்றுவிட்டார். விலை 1 கோடியே 30 லட்சம் டாலர். 600 டாலர் கடனில் தொடங்கியவருக்கு அது பெரும் செல்வம்தான்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். விற்ற பிறகு வேறொரு டாக்டரிடம் போனார். நோய் குணமாகிவிட்டது.

உடம்பு தேறியது. கையில் பணம் இருந்தது. ஆனால் ஃபெண்டர் என்ற பெயர் பிறர் சொத்தாகிவிட்டது. தாம் செய்யும் கிட்டாரில் தம் பெயரைப் பொறிக்கும் உரிமை அவருக்கே இல்லை. வேறொருவராக இருந்தால் மனம் ஒடிந்து உட்கார்ந்திருப்பார். லியோ மியூசிக் மேன் என்ற நிறுவனத்திலும், பிறகு நண்பர்களோடு தொடங்கிய ஜி அண்டு எல் நிறுவனத்திலும் கிட்டார் செய்தார். முதுமையில் நடுக்குவாதம் வந்தபோதும் பட்டறையை விடவில்லை. 1991-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

பழசுக்கு வந்த மவுசு

1950-களில் அவர் செய்த கிட்டார்களுக்கு இன்று பெரும் விலை. வார்னிஷ் வெடித்து, உலோகம் மங்கிப்போன பழைய கிட்டார் மீது பலருக்கும் மோகம். அதனால் ஃபெண்டர் நிறுவனமே 1995 முதல் புதிய கிட்டாரைப் பழையது போல் தேய்த்து மங்க வைத்து விற்கத் தொடங்கியது.

சொந்தமாகச் செய்பவர்களும் நிறையப் பேர். உடல் ஓரிடத்தில், கழுத்து வேறிடத்தில், பிக்கப் இன்னோரிடத்தில் வாங்கி, வேண்டிய விதத்தில் ஒயர்களைப் பற்றவைத்துத் தனக்கென்று ஒரு கிட்டார் செய்துகொள்கிறார்கள். பளபளக்கும் புதுத் திருகாணிகளைக்கூட மங்க வைத்துத்தான் முடுக்குகிறார்கள்.

லியோவுக்குப் பழமையில் மோகம் இருந்ததில்லை. போன வருடம் செய்ததை இந்த வருடம் திருத்துவதே அவர் வழக்கம். ஆயினும் சாதாரண மனிதர் ஒருவர் வீட்டு மேஜையில் திருப்புளியோடு உட்கார்ந்து கிட்டார் செய்ய முடிகிறது என்றால், அதற்கு அந்த நான்கு திருகாணிகளே காரணம்.

உத்தியோகம் போனதும் தமக்குத் தெரிந்த சிறு வேலையைக் கையில் எடுத்தார். தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டார். கெட்டுப்போனால் எளிதில் சரி செய்யும்படி ஒரு பொருளைச் செய்தார். பெயரை விற்ற பிறகும் வேலையை விற்கவில்லை. லியோ ஃபெண்டரின் வாழ்க்கை இவ்வளவுதான். ஆனால் இது சிறிய வாழ்க்கை அல்ல.