சீனிவாச சாஸ்திரியார்

குயிலாப்பாளையத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்வோர் புதுச்சேரியையும் கடலூரையும் கடந்து சிதம்பரத்தை அடைவர். அங்கே அண்ணாமலைச் செட்டியார் 1929-ஆம் ஆண்டில் நிறுவிய பல்கலைக்கழகத்திற்கு, 1935-இல் துணைவேந்தராக வந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தே உறையும் கழகம் அது. அங்கே தலைவரின் அன்றாட ஒழுக்கமே மாணவர்க்கு முதற்பாடமாகும். அத்தகுதியை அவர் பெற்ற வரலாறு அறியத்தக்கது.

சாஸ்திரியார் 1869-இல் வறிய குடும்பத்தில் பிறந்தார். கும்பகோணத்தில் பயின்று, 1888-இல் பட்டம் பெற்றார். மாயூரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்து, பின்னர்த் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

கோபால கிருஷ்ண கோகலே 1905-இல் பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். அதிற் சேர்வோர் தம்பொருட்டுப் பொருளீட்டுவதில்லை எனவும், சாதி வேற்றுமை பாராட்டுவதில்லை எனவும், எவரோடும் சொந்தப் பூசல் கொள்வதில்லை எனவும் உறுதி கூறுதல் வேண்டும். ஐந்தாண்டுகள் பயிற்சியும் பெறுதல் வேண்டும். குடும்பப் பொறுப்புடைய சாஸ்திரியார், தம் முப்பத்தேழாம் வயதில், 1907-இல் தலைமைப் பதவியை உதறி அச்சங்கத்திற் சேர்ந்தார். பள்ளி முழுவதையும் ஏவல்கொண்டவர், மீண்டும் மாணவராய் அமர்ந்தார்! பிறரை ஆளுதலினும் இஃது அரியதென்றே யான் கருதுகிறேன். கோகலே 1915-இல் மறைந்தபின் சங்கத்தின் தலைமை இவரிடமே வந்தது.

1920-இல் காந்தியடிகள் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தைச் சாஸ்திரியார் ஏற்கவில்லை. ஆயினும் இருவர் நட்பும் தளரவில்லை. அடிகளின் வேண்டுகோட்கிணங்கியே 1927-இல் இந்திய அரசின் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்குள்ள இந்தியச் சிறுவர்க்கு உயர்நிலைக் கல்வி எளிதிற் கிட்டாமை கண்டு, இந்திய வணிகரிடம் நன்கொடை திரட்டினார். அதன் பயனாக 1929-இல் டர்பன் நகரில் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பெற்றது. உயர்நிலைக் கல்வியோடு ஆசிரியப் பயிற்சிக்கும் அங்கே இடமிருந்தது. பிறர் வந்து கற்பிப்பதோடு அமையாது, அம்மக்களிலிருந்தே ஆசிரியர் தோன்ற வழி பிறந்தது.

இவ்வாறு பண்பட்டவரே சிதம்பரத்தில் 1940 வரை துணைவேந்தராய் விளங்கினார். அவ்வாண்டில் கலைச்சொற்களை வகுக்கச் சென்னை அரசு அமைத்த குழுவிற்கும் அவர் தலைவரானார். அக்குழு வடசொற்களுக்கே மிகுதியும் இடந்தரும் எனத் தமிழறிஞர் பலர் எதிர்த்தனர். தமிழாசிரியனாகிய யானும் இதில் அவர்கள் பக்கமே நிற்பேன்.

பதவி நீங்கிய பின்னும் அவர் ஓய்ந்திலர். 1944-இல், எழுபத்தைந்தை எட்டும் முதுமையிலும், சென்னையில் வான்மீகி இராமாயணத்தைப் பற்றித் தொடர்ந்து பல சொற்பொழிவுகள் ஆற்றினார். 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் இயற்கை எய்தினார்.