தவிலுக்குத் தனிப்பெருமை தேடித் தந்த தட்சிணாமூர்த்தி

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில், சுவாமி வீதிவலம் வந்து இருப்பிடம் சேர்ந்த பின்னரும் கூட்டம் கலையாது நின்ற இரவுகள் ஒரு காலத்தில் இருந்தன. வழிபாடு முடிந்துவிட்டது, எனினும் மேளச் சமா முடியவில்லை. நாதஸ்வரம் சற்று ஓய, தவில் தனித்து ஒலிக்கத் தொடங்கும் வேளைக்காகவே பலர் விடியும்வரை வெண்மணலில் அமர்ந்திருந்தனர். அந்த இரவுகளோடு பிரிக்க இயலாதவாறு பிணைந்த பெயர் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி.

1933ஆம் ஆண்டு இணுவிலில் பிறந்தவர் அவர். தந்தையார் விசுவலிங்கம் பெயர் பெற்ற தவில் வித்துவான். நாதஸ்வரமும் தவிலும் குலக்கல்வியாகத் தழைத்த அவ்வூரில், குழந்தைகளுக்குத் தாளக் கணக்கு எண் சுவடிக்கு முன்பே அறிமுகமாகிவிடும். தந்தையிடம் தொடங்கிய பயிற்சி, பின்னர் தமிழகத்தின் பெருந்தவில் மேதை நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையிடம் முதிர்ச்சி பெற்றது. காலப்போக்கில் குருவும் சீடரும் ஒரே மேடையில் இணைந்து வாசித்தனர். திருமணத்தின் பின் அளவெட்டியில் குடியேறிய அவர், அவ்வூரின் நாதஸ்வர மேதை என்.கே. பத்மநாதனோடு இணைந்து வாசித்த கச்சேரிகள் ஈழத்து இசை வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றவை.

தமிழகத்து வித்துவான்கள் கடல் கடந்து வந்து யாழ்ப்பாணத்துக் கோயில்களில் வாசிப்பது நெடுநாள் வழக்கம். தட்சிணாமூர்த்தியின் காலத்தில் அந்தப் பயணம் எதிர்த்திசையிலும் நிகழ்ந்தது. காருகுறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் முதலியோரின் நாதஸ்வரத்துக்குச் சிறப்புத் தவிலாக வாசிக்க இவர் அழைக்கப்பட்டார். தஞ்சை மண்ணில் தோன்றி வளர்ந்த கலையில், அந்த மண்ணின் வித்துவான்களே வியந்து செவிசாய்க்கும் நிலையை யாழ்ப்பாணத்தார் ஒருவர் எய்தியது எளிய செய்தியன்று.

தவில் வாசிப்பவரின் ஆற்றல் முழுமையாக வெளிப்படுவது தனியாவர்த்தனத்தில்தான். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 அட்சரம். சதுஸ்ர நடையில் அது 32 மாத்திரையாகும், கண்ட நடையில் 40, மிஸ்ரத்தில் 56, சங்கீர்ணத்தில் 72. தாளம் போடுபவரின் கை ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, இந்த நடைகளுக்குள் மாறி மாறிப் புகுந்து, இறுதிக் கோர்வையை மும்முறை வாசித்து, பாடலின் எடுப்பில் இம்மியும் பிசகாது வந்து சேர வேண்டும். ஒரு கையில் கழி, மறுகை விரல்களில் கூடு. இவற்றைக் கொண்டு இத்தனையையும் அதிவேகத்தில் செய்யும்போது சொற்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுவதே இயல்பு. தட்சிணாமூர்த்தியின் வாசிப்பில் அவை குழம்பவில்லை. எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளைக் கேட்போர், எவ்வளவு விரைவிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெளிந்து விழுவதை இன்றும் உணரலாம்.

கச்சேரி உச்சம் தொட்ட பின்னும் மனம் நிறையாத அவை இன்னும் வேண்டும் என்று கேட்பது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். மேலைநாட்டில் ஹார்ப்சிகார்ட் கலைஞர்கள் அவ்வேளையில் ஸ்கார்லாட்டி இயற்றிய 555 சொனாட்டாக்களுள் விரல்வேகம் மிக்க ஒன்றை வாசித்து விடைபெறுவதுண்டு. அவர்களுக்குத் தேர்ந்தெடுக்க எழுதப்பட்ட இசை இருக்கிறது. தவில் கலைஞருக்கு அந்த வசதி இல்லை. கற்றறிந்தோர் கடினமான கணக்கை எதிர்பார்ப்பர். பொதுமக்கள் துள்ளும் அடியை எதிர்பார்ப்பர். இரண்டையும் அந்தக் கணத்திலேயே அவர் தீர்மானித்தாக வேண்டும். வேகம் மட்டும் காட்டினால் வித்தையாகச் சுருங்கும். கணக்கு மட்டும் காட்டினால் பாமரர் எழுந்துவிடுவர். கணக்கறியாதவரும் காத்திருந்து கேட்கும்படி கணக்கை வாசித்ததே தட்சிணாமூர்த்தியின் சாதனை.

இந்தக் கலைஞர்களுக்குச் சமூகம் என்ன தந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாதஸ்வரக் கலைஞர்கள் நின்றபடியே வாசிக்க வேண்டியிருந்த நிலையை மாற்ற, திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை போராட வேண்டியிருந்தது. வாசிப்புக்குத் தலையசைத்த பலர், வாசித்தவருக்குச் சரியாசனம் தரத் தயங்கினர். சாதிப்படிநிலை இறுகியிருந்த யாழ்ப்பாணமும் இதற்கு விலக்கன்று. அத்தகைய சூழலில், ஒரு தவில் கலைஞரின் பெயருக்கு முன் ஊரின் பெயரே அடைமொழியாக நின்றது ஒரு மாற்றத்தின் அறிகுறி. கலை பிறப்பையும் சமயத்தையும் பார்ப்பதில்லை. இதே நாதஸ்வர உலகில், ஆந்திரத்தின் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா தலைசிறந்த வித்துவானாகப் போற்றப்பட்டதும் நினைவுகூரத்தக்கது.

1975ஆம் ஆண்டு, 42 வயது நிறையுமுன்னரே தட்சிணாமூர்த்தி மறைந்தார். இரவு முழுவதும் வாசிப்பு, பகலெல்லாம் பயணம் என அமைந்தது அக்காலக் கலைஞர் வாழ்வு. அவரது ஆற்றலுக்கு ஈடான அளவில் ஒலிப்பதிவுகள் நமக்குக் கிட்டவில்லை. திருவிழா இரவுகளில் இரசிகர்கள் ஒலிநாடாவில் பிடித்து வைத்தவையும் போரில் சிதறின. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோதும், மக்கள் இழந்தவை வீடும் காணியும் மட்டுமல்ல; அவ்வீடுகளில் இருந்த புகைப்படங்களும் நூல்களும் ஒலிநாடாக்களுந்தான்.

அம்ஷன் குமார் இயக்கத்தில் உருவான தட்சிணாமூர்த்தி பற்றிய ஆவணப்படம், 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவரைப் பற்றிப் பேசுவதற்கு இருந்தது என்பதையே அது காட்டுகிறது. எனினும் ஓர் ஆவணப்படத்தோடு நம் கடமை முடிந்துவிடாது. யாழ்ப்பாணத்திலும், புலம்பெயர்ந்த நாடுகளிலும், பழைய பெட்டிகளின் அடியில் உறங்கும் ஒலிநாடாக்கள் இன்னும் இருக்கக்கூடும். காந்தநாடாவின் ஆயுள் குறுகியது. அது நைந்துபோகுமுன் எண்ணிமப் பதிவாக்கிப் பொதுச்சொத்தாக வைக்கப் பல்கலைக்கழகமும் நூலகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் முன்வர வேண்டும். வீட்டில் நாடா வைத்திருப்போரும் அதை வெளியே எடுத்துத் தர வேண்டும். அன்று மணலில் அமர்ந்து விடியும்வரை கேட்டவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அவர்கள் கேட்டதை அடுத்த தலைமுறையும் கேட்க வேண்டுமாயின், காலம் தாழ்த்தலாகாது.