கழற்றிப் பூட்டிக் கற்ற மேதை ஜி. டி. நாயுடு

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் தோன்றியவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்கு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோயிற்று. ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டநாள் தொட்டு அவர் மனம் அதனையே நாடிற்று. கோவை நகரில் உணவுச்சாலைப் பணியாளராக அமர்ந்து, மிச்சம் பிடித்து, 300 ரூபாவுக்கு 'றட்ஜ்' வண்டியொன்றை வாங்கினார். வாங்கியவர் செய்த வேலை யாது? அதனை முழுவதும் கழற்றினார், பின்னர் பூட்டினார்.

அக்காலத்து மோட்டார் சைக்கிளைக் கழற்றுபவன் எதனைக் காண்பான் என்று நோக்குவோம். பிஸ்டனும் வால்வும் கண்ணுக்குப் புலனாகும். நெருப்பு எங்கிருந்து வருகிறது என்பதே புதிர். பற்றரி இல்லை; மக்னீற்றோ என்னும் சிறு கருவியே உண்டு. அதனுள் குதிரை இலாடம் போன்ற காந்தத்தின் முனைகளுக்கிடையே கம்பிச்சுருள் சுழல்கிறது. தடித்த கம்பி குறைந்த சுற்று. அதன்மேல் மயிர் போன்ற கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. தடித்த கம்பியில் மின்னோட்டம் உச்சமடையும் வேளையில் 'பொயின்ற்' திறந்து அதனைத் துண்டிக்கிறது. ஓட்டம் திடீரென அறுபடவே, மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ற்று எழும்பி, பிளக்கின் நுனியிலுள்ள ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது. அதுவே தீப்பொறி.

பொறி எழுந்தால் மட்டும் போதாது. காலமும் தப்பக் கூடாது. பெற்றோல் ஆவி எரிந்து முடியச் சிறிது நேரம் வேண்டுமாதலால், பிஸ்டன் உச்சியை அடையச் சற்று முன்னரே பொறி பிறத்தல் வேண்டும். பிந்தினால் வலுக் குன்றி இயந்திரம் கொதிக்கும். மிக முந்தினால் எதிர்த்து உதைக்கும். முடுக்குபவரின் காலையும் பதம் பார்க்கும். அன்று கைப்பிடியிலுள்ள நெம்புகோலால் ஓட்டுபவரே இதனைத் திருத்திக்கொண்டார். இன்று கல்முனை வீதியில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் இலத்திரன் சாதனமே பார்த்துக்கொள்கிறது. (அப்படி ஒன்று உண்டென்று அறிந்து ஓட்டுபவர் எத்தனை பேரோ!)

இவ்வாறு கையால் பயின்றவர், 1920இல் பஸ் ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே தாமே ஓட்டினார். அவரது யூ. எம். எஸ். நிறுவனம் சில ஆண்டுகளில் பல வண்டிகளோடு பெருகிற்று.

1945இல் அவரது பொருளுதவியால் கோவையில் ஆதர் ஹோப் பெயரால் தொழினுட்பக் கல்லூரி எழுந்தது, அவரே அதிபருமானார். நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டே போதும் என்பது அவர் துணிபு. அரசு இணங்காதபடியால் பதவியைத் துறந்தார். பல்கலைக்கழகத்தில் ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும் என் போன்றோருக்கு இக்கருத்து இனிக்கவே செய்யும். ஆயினும் எனக்கு ஓர் ஐயம். கழற்றிப் பார்த்தால் காந்தம் தெரியும். அதனருகே சுழலும் கம்பியில் மின் எழுவதேன் என்பது தெரியாது. அதற்குக் கணிதம் வேண்டும், காலமும் வேண்டும். பிளக் ஒன்றைக் கழற்றியறியாமலே பட்டம் பெறுவோர் உளர் என்பதும் மெய்யே.

1952இல் இருவர் செல்லத்தக்க பெற்றோல் கார் ஒன்றை 2,000 ரூபா விலையில் உருவாக்கினார். அரசின் அனுமதி கிடையாமையால் உற்பத்தி தொடரவில்லை. 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அன்னார் காலமானார்.