பிரம்பைத் துறந்த ஆசிரியர்

அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சார்ந்தது கான்கார்டு என்னும் சிற்றூர். ஆறும் ஏரியும் காடும் சூழ்ந்த அவ்வூரில் 1817ஆம் ஆண்டு ஹென்றி டேவிட் தோரோ பிறந்தார். அவர்தம் தந்தையார் பென்சில் செய்து விற்றவர். செல்வம் மிகுதியாக இல்லாவிடினும், மகனை அவர் ஹார்வர்டு கல்லூரிக்கு அனுப்பிக் கற்பித்தார்.

1837இல் தோரோ பட்டம் பெற்றார். நாடெங்கும் பொருள்முடை மிகுந்து, கற்றோரும் வேலையின்றி வருந்திய ஆண்டு அது. எனினும், அவருக்குத் தம் ஊர்ப் பள்ளியிலேயே ஆசிரியப் பணி கிடைத்தது. பிரம்பின்றிப் பள்ளி நடவாது என்று எண்ணிய காலத்தில், தோரோ அதனைத் தொடாமலே பாடம் சொன்னார். இரண்டு வாரங்கள் கழிந்தன. பள்ளிக் குழுவினர் ஒருவர் வந்து பார்த்து, மாணவரை அடித்தே ஆகவேண்டும் என வற்புறுத்தினார். தோரோ சிலரை அழைத்து அடித்தார். அன்று மாலையே பணியைத் துறந்தார். அடிபட்ட சிறுவர்க்கு அது நீதியாகுமா என்று நாம் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான் அது.

மறு ஆண்டு அவர் தாமே ஒரு பள்ளியை நடத்தத் தொடங்கினார். தமையனார் ஜானும் பின்னர் அதில் சேர்ந்து கற்பித்தார். அங்கே பிரம்பு இல்லை, ஒழுங்கு இருந்தது. இயற்கையை நேரே கண்டு உண்மையைத் தானே உணர்தல் வேண்டும் என்பது, அவ்வூரில் வாழ்ந்த அறிஞர் எமர்சன் 1836இல் வெளியிட்ட ‘இயற்கை’ என்னும் நூலின் கருத்து. கற்றோரும் அரிதின் உணரும் அக்கருத்தைத் தோரோ சிறுவர்க்குக் காட்டிலும் ஆற்றிலும் பாடமாக்கினார். கணக்கைக் கைப்படக் கற்பிக்க நில அளவைக் கருவிகளையும் வாங்கினார்.

ஒருமுறை மாணவருடன் படகிற் சென்றபொழுது, கரையில் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டி, முற்காலத்தில் பழங்குடி மக்கள் அங்கே தங்கியிருத்தல் கூடும் என்றார். பின்னர் மண்வெட்டியுடன் அவர்களை அங்கு அழைத்துச் சென்று தோண்டினார். முதலில் வெறும் மண்ணே வந்தது. மேலும் தோண்டவே, தீப்பட்ட அடுப்புக் கற்கள் வெளிப்பட்டன. சிறுவர் வியந்து நின்றனர். தோரோ அக்கற்களை எடுத்துச் செல்லவில்லை. மண்ணிட்டு முன்போல் மூடிவிட்டார்.

ஜானின் உடல் நலிவுற்றதால் 1841இல் பள்ளி மூடப்பட்டது. சவரக்கத்தி கீறிய சிறு காயத்தால் இசிவு நோய் கண்டு, 1842இல் ஜான் இறந்தார். தோரோ அதன்பின் பள்ளி நடத்தவில்லை. 1845 முதல் ஈராண்டுக்கு மேல் வால்டன் ஏரிக்கரையில் தாமே கட்டிய குடிலில் தனித்து வாழ்ந்தார். அவ்வாழ்வைக் கூறும் ‘வால்டன்’ என்னும் நூல் 1854இல் வெளிவந்தது. 1862இல் தம் நாற்பத்து நான்காம் வயதில் காச நோயால் மறைந்தார். ஆற்றங்கரையில் கண்ட அந்தக் கற்களைப் பற்றி, அவருடைய மாணவர் ஒருவர் பல்லாண்டுகளுக்குப் பின்னரும் நினைவுகூர்ந்து உரைத்தார்.