வெட்கப்படாமல் கேட்ட ஐடா அம்மா

போன வருஷம் நம்ம கூட்டமைப்புத் தையல் கொட்டகைக்குக் கூரை போட நன்கொடை கேட்க நாலு பேர் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். ஒரு பெரிய வீட்டு வாசல் வரை போனோம். கேட்க வாய் வரலை. தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சிட்டுத் திரும்பிட்டோம். நமக்காகக் கையேந்துற மாதிரி ஒரு கூச்சம். அதனாலதான் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உண்டாக்கின ஐடா ஸ்கடர் அம்மாவைப் பத்தி எழுதுறேன். நம்ம பக்கத்துல இருந்தும் பெரிய வியாதின்னா அங்க போறவங்க உண்டு. அது கேட்டுக் கேட்டே கட்டின ஆஸ்பத்திரி.

ஐடா 1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பாவும் தாத்தாவும் அமெரிக்க மிஷன் டாக்டர்கள். பஞ்சத்தைப் பார்த்து வளர்ந்த அந்தப் பொண்ணுக்கு இந்த ஊரில் இருக்கவே பிடிக்கலை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு திண்டிவனம் வந்திருந்தப்போ, ஒரே ராத்திரியில் மூணு வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருந்த மனைவியைக் காப்பாத்தக் கூப்பிட்டாங்க. ஆண் டாக்டர் தொடக்கூடாதுன்னு அவர் அப்பாவை வேண்டாம்னுட்டாங்க. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூணு பெண்களும் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம்தான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு, 1899-ல் பட்டம் வாங்கினார்.

திரும்பி வர்றதுக்கு முன்னாடி, வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. நியூயார்க்கில் ஒரு அம்மா வீட்டில் உட்கார்ந்து அந்த மூணு பெண்களோட கதையைச் சொல்லிக்கிட்டிருந்தார். அது அந்த வீட்டிலிருந்த ஷெல் என்கிற பேங்க் முதலாளி காதிலும் விழுந்தது. இறந்துபோன மனைவி நினைவாக அவர் 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் 40 படுக்கையோட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தாச்சு. ஐடா அங்கே செலவுக் கணக்கை நீட்டலை, நடந்ததைச் சொன்னார். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.

1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சார். கட்டிடம் வேணும், பணம் இல்லை. அமெரிக்காவில் லூசி பீபாடி என்கிற அம்மா துணைக்கு நின்னாங்க. ஆசியாவில் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்கு, நீங்க 20 லட்சம் டாலர் சேர்த்தா நாங்க 10 லட்சம் தர்றோம்னு ராக்பெல்லர் குடும்பத்து நிதியம் சொல்லுச்சு. நம்ம சேமிப்பைக் காட்டினாத்தான் சுழல் நிதி வருதுல்ல, அது மாதிரி. ஐடா ஊர் ஊராப் போய்ப் பேசினார். பெண்கள் சில்லறையா, நோட்டாச் சேர்த்து 1923-க்குள்ள முடிச்சுட்டாங்க.

கஷ்டம் பிற்பாடுதான் வந்தது. இனி எம்.பி.பி.எஸ். மட்டும்தான்னு அரசாங்கம் விதி போட்டுச்சு. பள்ளியைப் பெரிய கல்லூரி ஆக்காட்டி மூட வேண்டியதுதான். 1941-ல், எழுபது வயசுல, உலகச் சண்டை நடக்கும்போது ஐடா மறுபடியும் அமெரிக்கா போனார். ஆண்களையும் சேர்த்தா பல சபைகள் பணம் தரும்னு நிலைமை. பெண்களுக்குன்னு வாங்கின பணத்தை அப்படி மாத்தக்கூடாதுன்னு பீபாடி அம்மா கடைசி வரை எதிர்த்தாங்க. இத்தனை வருஷம் கூட நின்ன தோழி. ஐடாவும் ரொம்பக் குழம்பித்தான் கடைசியில் ஒத்துக்கிட்டார். கல்லூரி பிழைச்சது, அந்தத் துணை போச்சு. பீபாடி அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்குன்னு எனக்குத் தோணுது. கொடுத்தவங்க எதுக்குக் கொடுத்தாங்கன்னு மறக்கலாமா? 1947-ல் ஆண்களும் சேர்ந்தாங்க.

ஐடா அம்மா 1960 மே 24-ல் கொடைக்கானலில் காலமானார்.

வர்ற மாசியில் திரும்பவும் அருப்புக்கோட்டை போறதா நம்ம தீர்மான நோட்டில் எழுதியாச்சு. இந்தத் தடவை கூரைக்கு எவ்வளவு ஆகும்னு முதல்ல சொல்லப் போறதில்லை. போன ஐப்பசி மழையில், ஆர்டர் துணி நனையாம இருக்க மூணு அக்காங்க ராத்திரி முழுக்கத் தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைச் சொல்லப் போறோம்.