7 அடி வெட்டிய கேப்டன்

ஜோஷுவா ஸ்லோகம் நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்சவர் இல்லை. பத்து வயசோட பள்ளிப் படிப்பு முடிஞ்சது. 1895ல் பாஸ்டனிலிருந்து ‘ஸ்ப்ரே’ என்ற பாய்மரப் படகில் தனியாளாக உலகைச் சுற்றக் கிளம்பினார்.

காற்று பலத்தால் பாயைச் சுருக்கணும். இன்னைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிற்றை இழுத்தால் முன்பாய் சுருண்டுக்கும். அவர்? படகின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையின் நுனிவரை போய்க் கையால் மடிக்கணும். கீழே கடல். உதவிக்கு ஆளில்லை. நீச்சலும் தெரியாது, பாருங்க!

பியூனஸ் அயர்ஸில் பாய்மரத்தில் 7 அடியும், அந்த முன்கட்டையில் சுமார் 5 அடியும் வெட்டிக் குறைத்தார். அப்புறமும் நுனிக்குப் போய்ப் பாயை மடிக்கும்போது, இன்னும் ஒரு அடி வெட்டியிருக்கலாமேன்னு தோணுச்சாம்.

1898ல் திரும்பினார். தனியாகப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். பல வருஷம் கழித்து, அதே ஸ்ப்ரேயில் மறுபடி கிளம்பியவர் திரும்பவே இல்லை.