ஓட்டல் வேலைக்குப் போன பையன் என்ஜினீயரிங் கல்லூரி முதல்வர் ஆனார்!
ஜி.டி. நாயுடு தொழில் பழகிய கதை

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம்.

1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, அங்கே ஒரு விவசாயி வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். தகப்பனார் பெயர் கோபால்சாமி நாயுடு.

பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. பள்ளிக்கூடம் என்றால் வேப்பங்காய். கொஞ்ச நாளில் படிப்பு நின்றது. தகப்பனாரோடு வயல் வேலைக்குப் போனான்.

அந்தத் துரைசாமிதான் பிறகு ஜி.டி. நாயுடு என்று நாடே அறிந்தவர். பஸ் முதலாளி, மோட்டார் செய்தவர், ஷேவிங் ரேசர் செய்தவர், என்ஜினீயரிங் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர்!

இது எப்படி நடந்தது?

மோட்டார் சைக்கிள் வந்தது!

ஒரு நாள், அந்தக் கிராமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி தானாக ஓடுகிறது. பையன் வாய் பிளந்து நின்றான்.

அன்று முதல் அவனுக்கு அதே நினைப்பு. அந்த வண்டி நமக்கு வேண்டும். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கையில் காசு இல்லை. கோவைக்குப் போனான். ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தான். வந்த சம்பளத்தைச் செலவு செய்யாமல், ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்தான். கடைசியில், அப்படிப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கியே விட்டான்.

வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்? ஏறி ஊரைச் சுற்றுவார்கள். இவன் வண்டியைப் பிரித்துப் போட்டான்! மறுபடியும் பூட்டினான். மறுபடியும் பிரித்தான். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. புத்தகம் கிடையாது. கைதான் வாத்தியார்.

மெக்கானிக் ஆகிவிட்டான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தொழிலைத் தொடுவதற்கு முன்னால், அவன் ஓட்டலில் பாத்திரங்களோடு பல நாட்களைக் கழிக்க வேண்டியிருந்தது. ஒரு பட்டறையில் சேர்த்துக்கொண்டு, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து, முறையாகக் கற்றுக் கொடுக்க யாராவது இருந்திருந்தால் அந்த ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

அந்தக் காலத்தில் அப்ரண்டிஸ் சட்டம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. 1850-ம் ஆண்டிலேயே வெள்ளைக்காரர்கள் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அது அனாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் எழுத்து மூலம் ஒரு எஜமானரிடம் ஒப்படைக்கும் சட்டம். கலங்கல் கிராமத்துத் துரைசாமிக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை.

டிரைவரும் அவரே, மெக்கானிக்கும் அவரே!

இடையில் பஞ்சு வியாபாரம் செய்தார். பம்பாய் வரை போனார். நஷ்டம்தான் மிச்சம்.

ஊர் திரும்பியவருக்கு ஸ்டேன்ஸ் துரை உதவி செய்தார். கோவையில் பெரிய கம்பெனி நடத்தியவர் அவர். பஸ்ஸின் விலையில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியைத் தவணையில் கட்டும்படி பஸ்ஸைக் கொடுத்துவிட்டார்.

1920-ம் ஆண்டில், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடியது. ஓட்டியவர் நாயுடுவேதான். வழியில் நின்றுபோனால் இறங்கிப் பழுது பார்ப்பவரும் அவர்தான். ஒரு பஸ் பல பஸ் ஆயிற்று. பத்துப் பதின்மூன்று ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்ட பஸ்கள்! யு.எம்.எஸ். என்ற பெயர் கோவை ஜில்லா எங்கும் பரவியது.

இத்தனை பஸ்களுக்கும் மெக்கானிக்குகள் எங்கிருந்து வருவார்கள்? கல்லூரியில் இருந்தா? பட்டறையிலேயேதான் உருவாக வேண்டும். படிக்காத பையன்கள் வந்தார்கள். ஸ்பானர் பிடித்தார்கள். தொழிலாளி ஆனார்கள்.

1937-ம் ஆண்டில் நாயுடுவும், டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்சார மோட்டாரைச் செய்தார்கள். பாலசுந்தரம் நாயுடு பிறகு டெக்ஸ்டூல் என்ற கம்பெனியைத் தொடங்கினார். கோவையில் இப்படித்தான் ஒரு பட்டறை இன்னொரு பட்டறையைப் பெற்றது. கிணற்று மோட்டார் என்றால் கோவை என்று ஆனதற்கு விதை இங்கேதான் விழுந்தது.

ஜெர்மனிக்குப் போனபோது, சின்னஞ்சிறு மோட்டார் வைத்து ஓடும் ரேசர் ஒன்றைச் செய்தார். ரேசண்ட் என்று அதற்குப் பெயர். பருத்தியிலும் பப்பாளியிலும்கூட அவர் கை வைத்திருக்கிறார். அதையெல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

நாற்காலியை விட்டு எழுந்தார்

1945-ம் ஆண்டு. நாயுடுவின் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும், என்ஜினீயரிங் கல்லூரியும் ஏற்பட்டன. அப்போது சென்னை கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரை வைத்தார்கள். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான்.

கல்லூரிக்கு முதல்வர் யார்? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஜி.டி. நாயுடு!

உட்கார்ந்ததும் தகராறு தொடங்கியது. என்ஜினீயரிங் படிக்க 4 ஆண்டுகள் எதற்கு என்று அவர் கேட்டார். 2 ஆண்டுகள் போதும் என்றார். ஒவ்வொரு தொழிலையும் ஆறாறு வாரப் பயிற்சியாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்றும் யோசனை கூறினார். வெள்ளைக்கார சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது அத்தனையும் சரி என்று நாம் சொல்ல மாட்டோம். ஆறு வாரத்தில் பாலம் கட்டுகிறவரை உண்டாக்க முடியாது. ஆனால் கரும்பலகையில் மட்டும் என்ஜினைப் படித்தவன் என்ஜின் முன்னால் விழிப்பான் என்பது உண்மை. பாதிப் படிப்பு பட்டறையில்தான் இருக்கிறது.

லாஸ்பேட்டையில் என்ன?

நம் லாஸ்பேட்டைக்கு வருவோம். இங்கே மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமா முடித்து ஆண்டுதோறும் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். கையில் சர்டிபிகேட் இருக்கிறது. கம்பெனிக்குப் போனால் அனுபவம் உண்டா என்று கேட்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம்?

இன்னொரு பக்கம், டிப்ளமா எதுவும் இல்லாத பையன்கள். மெக்கானிக் கடையில் எடுபிடியாகச் சேருகிறார்கள். டீ வாங்கி வருவதில் பாதி நாள் போகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து என்ஜினையே இறக்கி ஏற்றுகிற அளவுக்குத் தொழில் தெரியும். ஆனால் தெரியும் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பெரிய கம்பெனி வாசலில் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இந்த இரண்டு பேருக்கும்தான் 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம்.

முதலாளியும் பயிற்சிக்கு வருகிறவரும் ஒப்பந்தம் எழுத வேண்டும். மைனராக இருந்தால் பெற்றோர் அல்லது கார்டியன் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சர்க்கார் அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவுதான் முக்கியம்.

பதிவு செய்துவிட்டால், மாதா மாதம் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். 2019-ம் ஆண்டு விதிகள், படிப்புக்குத் தக்கபடி குறைந்தபட்சம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை என்று வைத்தன. இத்தனை உருப்படி செய்தால்தான் காசு என்று பீஸ் கணக்கில் கூலி பேசக்கூடாது. லேத்தில் விரல் போனால், வெளியே தள்ளிவிட முடியாது. நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். தொழில் பழகி முடித்துத் தேர்வில் தேறியவருக்குக் கிடைக்கும் சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பையனை எங்கே சேர்த்தாலும், ஒப்பந்தம் பதிவாகிவிட்டதா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான்.

முதலாளிக்கு என்ன லாபம்?

முதலாளிகள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் கற்றுக் கொடுப்போம், பக்கத்துப் பட்டறைக்காரர் நாலு காசு கூடக் கொடுத்து இழுத்துக்கொண்டு போவார் என்ற பயம். நியாயமான பயம்தான்.

அதற்காகத்தான் செலவில் சர்க்கார் பங்கு கொள்கிறது. 2016-ல் வந்த தேசியத் திட்டத்தில், உதவித்தொகையில் நாலில் ஒரு பங்கு, மாதம் ரூ.1,500 வரை, மத்திய சர்க்கார் ஏற்க முன்வந்தது. டிப்ளமாக்காரர்களையும் பட்டதாரிகளையும் கவனிக்கச் சென்னையில் தனி வாரியமே இருக்கிறது. புதுச்சேரியும் அதன் எல்லைக்குள்தான்.

பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும், ஒப்பந்தத்தில் எழுதினால் ஒழிய, கிடையாது. பையன் அங்கேயே இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஆகவே இரண்டு பேருக்கும் அது ஒரு பரீட்சைக் காலம். ஆளை நேரில் பார்த்து, வேலையைக் கண்ணால் கண்டு எடுத்துக்கொள்ளலாம். பேட்டியில் அரை மணி நேரம் பேசி ஆளைப் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் அப்ரண்டிஸ்களைச் சேர்ப்பது கட்டாயம் என்று 2019 விதிகள் கூறின. 4 பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகூட விரும்பினால் சேர்க்கலாம். சின்னப் பட்டறைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் காகித வேலைக்குப் பயந்து ஒதுங்குகிறார்கள்.

1961 சட்டம் வந்தபோது, தொழிற்சாலைக் கைத்தொழில் பழகுகிறவர்களுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. என்ஜினீயரிங் பட்டதாரிகளையும் டிப்ளமாக்காரர்களையும் பட்டறைக்குள் கொண்டுவர, 1973-ம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். படித்தவன் பட்டறைக்குப் போகவேண்டும் என்று நாயுடு மல்லுக்கு நின்று 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறு ஆண்டு, 1974 ஜனவரி 4-ந் தேதி, ஜி.டி. நாயுடு காலமானார். அவருக்கு வயது 80.